நாயைக் கண்டால் எசமானனைக் காணோம்!

‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம்; நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பது நம் முன்னோர் மொழி. அவர்களுக்கு இருந்த கவலை கல்லைப் பற்றியது. இன்று நமக்கு அந்தக் கவலை இல்லை. கல்லுக்கு என்ன பஞ்சம்? சாலை நெடுக இறைந்து கிடக்கிறது! நமக்குள்ள கவலை வேறு. நாயைக் கண்டால் எசமானனைக் காணோம். எசமானனைக் கண்டால் நாயைக் காணோம்!

காலை நேரம். கனவான் ஒருவர் கடற்கரைச் சாலையிலே நடை பழகுகிறார். கையிலே சங்கிலி, சங்கிலியின் மறுமுனையிலே கன்றுக்குட்டி அளவிலே ஒரு நாய். ‘யாருடையது?’ என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. அவர் நடக்கும் நடையும் நிமிர்ந்த தலையும், ‘என்னுடையதுதான்’ என்று ஊருக்கே அறிவிக்கின்றன. நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டாலோ, வாங்கிய விலை என்ன, தின்னும் தீனி என்ன, அதன் தாய் எந்தப் போட்டியிலே பரிசு பெற்றது என்று பாட்டன் பூட்டன் வரலாறு வரை கொட்டி அளப்பார்.

அதே நாய் ஒருநாள் சங்கிலியை உதறிவிட்டுத் தெருவுக்கு வருகிறது. பால் பாக்கெட் போட வந்த பையனின் கெண்டைக்காலைக் கவ்விவிடுகிறது. இரத்தம் சொட்டச் சொட்ட அவன் நிற்கிறான். இப்போது கேளுங்கள், ‘யாருடைய நாய்?’ என்று! வாயிற்கதவு அடைபடுகிறது. சன்னல் சாத்தப்படுகிறது. ‘எங்கள் வீட்டு நாயா? இருக்காதே! ஏதாவது தெருநாயாக இருக்கும்’ என்று மாடியிலிருந்து பதில் வருகிறது.

பெருமை கொள்ள எசமானன் உண்டு. பொறுப்பு ஏற்க எசமானன் இல்லை!

இந்தக் கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு முடிவு கட்டத்தக்க கருவி ஒன்று இருக்கிறது. அதன் அளவு, ஓர் அரிசி மணி!

‘மைக்ரோசிப்’ என்பது அதன் பெயர். நுண்சில்லு என்று தமிழிலே சொல்லலாம். சில்லு என்று சுருக்கிச் சொன்னாலும் போதும். நீளம் சுமார் 12 மில்லிமீட்டர். கனம் சுமார் 2 மில்லிமீட்டர். உடலுக்கு ஊறு செய்யாத கண்ணாடிக் குப்பிக்குள்ளே அடங்கியிருக்கிறது. தடுப்பூசி போடுவது போலவே, சற்றுத் தடித்த ஊசியால், நாயின் இரு தோள்களுக்கும் இடையே தோலுக்கு அடியிலே செலுத்திவிடுகிறார் கால்நடை மருத்துவர். மயக்க மருந்து தேவையில்லை. சில நொடி வேலை.

அதனுள்ளே பேட்டரி இல்லை. தானாக அது எதையும் பேசுவதும் இல்லை, உறங்கிக் கிடக்கிறது. படிக்கும் கருவியை அருகே கொண்டு சென்றால், அந்தக் கருவி எழுப்பும் வானொலி அலையின் ஆற்றலைக் கொண்டே விழித்துக்கொள்கிறது. ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறது, மறுபடி உறங்கிவிடுகிறது. அந்தச் செய்தி, 15 இலக்கம் கொண்ட ஓர் எண். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ, சில்லைச் செய்த நிறுவனத்தையோ குறிக்கும். எஞ்சியவை அந்த ஒரு சில்லுக்கே உரியவை. ஒரு நாய்க்கு ஓர் எண். அந்த எண்ணுக்கு ஒரே நாய்!

கழுத்துப்பட்டை அறுந்து விழும். வேண்டுமென்றே அவிழ்த்து எறியவும் முடியும். உரிமச் சீட்டு அலமாரியிலே கிடக்கும். நாயோ தெருவிலே அலையும். நாயின் உடலோடு ஒன்றி, அது உயிர் வாழும் நாளெல்லாம் கூடவே இருப்பது இந்தச் சில்லுதான்.

‘நாட்டிலே ஆயிரம் இன்னல் இருக்க, நாயின் தோலுக்கு அடியிலே என்ன இருந்தால் நமக்கென்ன? விலைவாசியைப் பற்றிப் பேசுங்கள், வேலையில்லாக் கொடுமையைப் பற்றிப் பேசுங்கள். நாயைப் பற்றிப் பேச நாமா கிடைத்தோம்?’ என்று கேட்கும் தோழர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

2024 மே 5. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலே ஒரு மாநகராட்சிப் பூங்கா. ராட்வீலர் என்னும் இனத்து நாய்கள் இரண்டு, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. யார் அந்தச் சிறுமி? மாளிகைவாசியின் மகளா? இல்லை. பூங்காவின் காவலாளியின் மகள்! ஊரார் உலவி மகிழ அந்தப் பூங்காவைக் காத்துக் கிடந்த ஏழையின் குழந்தை! காக்க ஓடிவந்த தாயும் காயப்பட்டார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நாய்க்கடிக்கு ஆளாகிறவர்கள் யார்? காரிலே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறவரா? இரவுப் பணி முடிந்து இரண்டு மணிக்கு நடந்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளி. விடியுமுன் துடைப்பத்தோடு தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர். செய்தித்தாள் போடும் சிறுவன். பார்சலைத் தோளிலே சுமந்து வீடு வீடாய் ஏறி இறங்கும் இளைஞன். கேட்டுக்கு உள்ளே இருப்பவர் நாயை வளர்க்கிறார். கேட்டுக்கு வெளியே நிற்பவர் கடிபடுகிறார். நாய்க்குச் சில்லு பொருத்துவது நாய்க்காக மட்டுமல்ல. அந்த நாய் நடமாடும் தெருவிலே நடந்தே தீரவேண்டியவர்களுக்காகவும்தான்!

பூங்காவில் நடந்த கொடுமையிலே நாய்களுக்கு உரியவர் யார் என்பது உடனே தெரிந்தது, வழக்கும் வந்தது. அருகிலேயே இருந்தார், அகப்பட்டார். ஒவ்வொரு தடவையும் அப்படித் தெரிகிறதா? கூட்டத்திலே கேட்டுப் பாருங்கள். கடிபட்டவர்கள் கை தூக்குவார்கள். கடித்த நாயின் எசமானனிடம் மருந்துச் செலவையாவது வாங்க முடிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், தூக்கிய கைகள் இறங்கிவிடும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1860-ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறியவனுக்கு ஆறு மாதம் வரை சிறை என்றது. 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த ‘பாரதிய நியாய சன்ஹிதா’விலே — பெயரை உச்சரிப்பதற்குள் நமது நாக்கு சுளுக்கிக்கொள்கிறது, போகட்டும் — அதே குற்றம் 291-ஆம் பிரிவாக வந்து அமர்ந்திருக்கிறது. அபராதம் 5,000 ரூபாய் வரை.

வளர்த்த நாயைத் தெருவிலே விட்டுவிட்டு ஓடுவதும் குற்றம்தான். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றப் பட்டியலிலே சேர்த்தது. தண்டனை? முதல் தடவை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. ஆயிரக்கணக்கிலே விலை கொடுத்து வாங்கியவர், அலுத்துப் போனதும் ஐம்பது ரூபாயிலே கைகழுவலாம்! அதையும் கட்ட வேண்டியதில்லை. யார் விட்டார்கள் என்று கண்டுபிடித்தால் அல்லவா கட்டச் சொல்ல முடியும்? நோய் கண்ட நாய், முதுமை எய்திய நாய், குட்டி போட்டுக் களைத்த நாய் — இருட்டிலே காரில் ஏற்றிக்கொண்டு போய், ஊர் எல்லையிலே இறக்கிவிட்டு, கழுத்துப்பட்டையையும் கழற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மறுநாள் அது பசியோடு குப்பத்துக்குள்ளே வருகிறது. பங்களாவிலே புறப்பட்ட தொல்லை, பாட்டாளியின் வாசலிலே வந்து படுத்துக்கொள்கிறது!

சட்டப் புத்தகத்திலே குற்றம் இருந்தது. தெருவிலே குற்றவாளியைக் காட்ட அடையாளம் இல்லை. 1860 முதல் இன்றுவரை இருந்த ஓட்டை இதுதான். அந்த ஓட்டையைத்தான் இந்த அரிசி மணி அடைக்கவேண்டும். பட்டையைக் கழற்றலாம், தோலுக்கு அடியில் உள்ள எண்ணைக் கழற்றிக்கொண்டு ஓட முடியாது.

இன்னொன்றும் உண்டு. வெறிநோய்! அறிகுறி தோன்றிய பிறகு கிட்டத்தட்ட எவரும் பிழைப்பதில்லை என்னும் அளவுக்குக் கொடிய நோய். ஆனால், தடுப்பூசியாலே தடுக்கத்தக்க நோய். 1885-இல் பாஸ்டர் வழி காட்டினார். 1907 முதல் நமது குன்னூரிலேயே அவர் பெயரால் நிலையம் இயங்கி வருகிறது. இருந்தும், நாய் கடித்தவுடன் மந்திரிக்கவும் கயிறு கட்டவும் ஓடுகிற மடமை இன்னும் முழுதாய்ச் சாகவில்லை. கடிவாயைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியைக் கடைசிவரை போட்டு முடியுங்கள். எந்தச் சில்லையும் எந்தப் பதிவேட்டையும் பார்க்கும்வரை காத்திருக்கவேண்டாம். கடிபட்டவரின் கடமை அது. கடிக்காதபோதே நாய்க்குத் தடுப்பூசி போட்டு வைப்பது வளர்ப்பவரின் கடமை. ‘போட்டாயிற்று’ என்று வாயாலே சொல்வது எளிது. எந்த நாய்க்கு, எந்தத் தேதியில் போடப்பட்டது என்று எண்ணைக் கொண்டு பதிவேட்டிலே பார்த்துவிட்டால், வாய்ப்பேச்சுக்கு வேலை இல்லை!

இனி, இந்தச் சில்லின் பழைய வரலாற்றிலே ஒரு வேடிக்கையைக் காண்போம்.

நாய் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி என்ன? ‘ஜாதி நாயா?’ என்பதுதானே! மனிதனைப் பிடித்த பீடை நாயையும் விடவில்லை. ஒன்று ஜாதி நாயாம். மற்றது வெறும் நாட்டு நாயாம். ஒன்றுக்குப் பஞ்சணை, மற்றதற்குப் பழைய சோறு. ஒன்று கடித்தால் ‘விளையாடியது’ என்பார்கள். மற்றது குரைத்தாலே ‘அடி, விரட்டு’ என்பார்கள். மனு எழுதாத வருணாசிரமம்!

சென்னையிலேயே தலைமையகம் கொண்டு இயங்குவது, கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. நாய்களின் குலவழியைப் பதிவு செய்து சான்றிதழ் தரும் அமைப்பு. அங்கே பதிவு பெறும் நாய்க்கு இந்தச் சில்லு வேண்டும் என்பது நெடுநாளைய நடைமுறை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நமது மண்ணின் இனங்கள் அழிந்துபோகாமல் காக்கப் பதிவு பயன்படும். அதை மறுக்க மாட்டோம். ஆனால், தந்தை யார், தாத்தா யார் என்று குலப்பெருமை பேசுவதற்கு மட்டுமே அந்த எண் பயன்பட்டால் என்ன ஆகும்? எத்தனையோ நல்ல கருவிகளுக்கு நேர்ந்த கதிதான் அதற்கும் நேரும்: உயர்ந்தோர் என்று சொல்லிக்கொள்வோரின் அலங்காரப் பொருளாகிவிடும்!

நாம் கேட்பது என்ன? பிறப்பைக் காட்டும் எண்ணைப் பொறுப்பைக் காட்டும் எண்ணாக மாற்றுங்கள் என்பதுதான். அந்த எண்ணுக்குச் சாதி இல்லை. இலட்ச ரூபாய் நாய்க்கும் 15 இலக்கம். குடிசை வாசலிலே வளரும் கருப்பனுக்கும் 15 இலக்கம்.

கருப்பனை வளர்ப்பவனுக்கு இதனால் என்ன நன்மை என்று கேட்பீர்கள். நிரம்ப உண்டு! தொழிலாளி ஒருவன் ஆசையாய் வளர்த்த நாயை யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இது என் நாய்’ என்கிறான் இவன். ‘நான் விலைக்கு வாங்கியது’ என்கிறார் அவர். காவல் நிலையத்திலே எந்தப் பேச்சு எடுபடும்? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஏழையின் சொல் ஏறாத அம்பலத்திலே எண்ணின் சொல் ஏறும்! 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளிலே, கட்டிய துணியோடு முகாமுக்கு ஓடும் குடும்பம், பிரிந்துபோன நாயை மறுபடி கண்டெடுக்க வேறு என்ன வழி?

இது வெறும் கற்பனை அல்ல, கணக்கே இருக்கிறது. அமெரிக்காவிலே 53 விலங்குக் காப்பகங்களில், சில்லு பொருத்தப்பட்ட 7,704 விலங்குகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. வழிதவறி வந்த நாய்களை மொத்தமாகப் பார்த்தால், நூற்றுக்கு 22 நாய்களே உரியவரிடம் திரும்பின. சில்லு இருந்த நாய்களிலோ நூற்றுக்கு 52! பூனைக்கு இதைவிடப் பெரிய வேறுபாடு. மொத்தத்திலே நூற்றுக்கு இரண்டுகூட வீடு திரும்பவில்லை. சில்லு இருந்த பூனைகளிலே நூற்றுக்கு 38 திரும்பின.

‘சில்லு இருந்தும் ஏன் நூற்றுக்கு நூறு திரும்பவில்லை?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? அந்தக் கேள்வியிலேதான் செய்தியின் உயிர் இருக்கிறது. உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு அந்த ஆய்வு கண்ட காரணங்களிலே முதன்மையானது எது தெரியுமா? பதிவேட்டிலே இருந்த தொலைபேசி எண் தவறானது, அல்லது துண்டிக்கப்பட்டது! நாயின் எண் நிலையாக இருந்தது. மனிதனின் எண் மாறிவிட்டது.

சில்லுக்குள்ளே பெயர் இல்லை, முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. இருப்பது அந்த 15 இலக்கம் மட்டுமே. அந்த இலக்கத்துக்கு எதிரே யார் பெயர் என்பதைச் சொல்வது பதிவேடு. அந்த இலக்கத்தைப் படித்துச் சொல்வது கருவி. சில்லு, கருவி, பதிவேடு — மூன்று கண்ணி சேர்ந்தால்தான் சங்கிலி. 2004-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலே, சில்லு பொருத்தப்பட்ட நாய் ஒன்று காப்பகத்துக்கு வந்தது. சில்லு ஒரு முறையிலே செய்தது. காப்பகத்தின் கருவி வேறு முறையிலே செய்தது. சில்லு சொன்னதைக் கருவி கேட்கவில்லை. நாயை ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். ஒரு கண்ணி பொருந்தாவிட்டால் சங்கிலியே பயனற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிரிட்டன் நாட்டுப் படிப்பினையையும் பார்ப்போம். அங்கே நாய்க்கு உரிமம் என்று ஒன்று இருந்தது; கடைசிக் காலத்திலே கட்டணம் 37 பென்னி. 1987-இல் அந்த உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். பின்னர் என்ன ஆயிற்று? நாய்களுக்குச் சில்லு கட்டாயம் என்று வட அயர்லாந்து 2012-இலும், இங்கிலாந்து, வேல்சு, ஸ்காட்லாந்து ஆகியவை 2016 ஏப்ரல் 6 முதலும் சட்டம் கொண்டுவந்தன. 2024 சூன் 10 முதல் இங்கிலாந்திலே பூனைக்கும் சில்லு கட்டாயமாகிவிட்டது! தாளிலே இருந்த அடையாளம் போய், தோலுக்கு அடியிலே அடையாளம் வந்தது.

அந்தச் சட்டத்திலே நமது மனத்தைக் கவர்ந்த கூறு ஒன்று உண்டு. குட்டிக்கு எட்டு வாரம் ஆவதற்குள் சில்லு பொருத்தப்பட வேண்டும். பதிவேட்டிலே முதல் பெயர், குட்டியை ஈன்ற நாயை வளர்ப்பவரின் பெயர்! அதாவது, விற்கிறவனிடமிருந்தே கணக்கு தொடங்குகிறது. வாங்கியவர் பெயர் அடுத்து வருகிறது. ஊற்றிலேயே அளக்கிறார்கள், வாய்க்காலின் கடைக்கோடியிலே நிற்பவனைப் பிடித்து, ‘நீதான் தண்ணீர் திருடினாய்’ என்று உதைப்பதில்லை.

நமது சென்னைக்கு வருவோம். 2025 இறுதியிலே சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் சில்லும் கட்டாயம் என்று அறிவித்தது. உரிமக் கட்டணம் 50 ரூபாய். மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவ நிலையங்களிலே சில்லும் வெறிநோய்த் தடுப்பூசியும் இலவசம். காலக்கெடுவுக்குப் பின் உரிமம் இல்லாதவருக்கு அபராதம் 5,000 ரூபாய். கெடு நெருங்க நெருங்கக் கூட்டம் கூடியது. கெடு நீட்டிக்கவும் பட்டது.

நோக்கத்தை வரவேற்கிறோம். இலவசம் என்பதை இரட்டிப்பாய் வரவேற்கிறோம். ஆனால், நல்ல சட்டமும் வளைந்த கையிலே போனால் ஏழையின் முதுகிலேதான் விழும் என்பதை அனுபவம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. 5,000 ரூபாய் என்பது கனவானுக்கு ஒரு மாலை விருந்தின் செலவு. கூலித் தொழிலாளிக்கோ ஒரு குடும்பத்தின் மாதச் சோறு! எனவே நமது கோரிக்கைகளை எடுத்து வைக்கிறோம்.

ஒன்று: நிலையத்தைத் தேடி நாய் போகவேண்டும் என்று காத்திருக்காதீர்கள், நாயைத் தேடி நிலையம் வரட்டும். ஒரு நாள் கூலியை இழந்து, ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து நாயை ஏற்றிக்கொண்டு வா என்றால், இலவசம் என்ற சொல்லுக்குப் பொருளென்ன? குடிசைப் பகுதிதோறும் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் நடக்கட்டும்.

இரண்டு: கணினியிலே விண்ணப்பம், முகவரிச் சான்று என்று படிக்கட்டு மேல் படிக்கட்டாய் வைக்காதீர்கள். புறம்போக்கிலே வாழ்பவனுக்கு முகவரிச் சான்று ஏது? முகாமிலேயே எழுதிப் பதிவு செய்யட்டும்.

மூன்று: வீடு மாறினாலும் அலைபேசி எண் மாறினாலும் பதிவேட்டிலே எளிதாகத் திருத்த வழி வேண்டும். வாடகை ஏற ஏற வீடு மாறுகிறவன் பாட்டாளி. பணம் போட வழியில்லாமல் அலைபேசி எண்ணைப் பறிகொடுக்கிறவனும் அவனே. அமெரிக்காவிலே எங்கே கண்ணி அறுந்தது என்று பார்த்தோம் அல்லவா? இங்கே அது அதே இடத்திலே, அதைவிட விரைவாக அறுந்துவிடும்.

நான்கு: விற்கிறவனிடமிருந்து தொடங்குங்கள். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் சில்லு பொருத்தவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் விதிகளே சொல்கின்றன. சில்லு இல்லாத குட்டி விற்பனைக்கே வரக்கூடாது. குட்டி விற்றுக் கொழிப்பவரை விட்டுவிட்டுக் குடிசைக்காரனிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவது நீதியாகாது.

ஐந்து: படிக்கும் கருவி மருத்துவ நிலையத்திலே மட்டும் தூங்கக்கூடாது. நாய் பிடிக்கும் வண்டியிலும், கருத்தடை மையத்திலும், காவல் நிலையத்திலும் இருக்கவேண்டும். கைவிடப்பட்ட நாய் எங்கே அகப்பட்டாலும் அங்கேயே எண்ணைப் படித்து, எசமானன் வீட்டு அழைப்பு மணியை அடிக்கவேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இரு தரப்பார் குறுக்கே வருவர்.

முதல் தரப்பார் படித்த கனவான்கள். ‘இது வேவு பார்க்கும் கருவி! எங்கே போகிறோம் வருகிறோம் என்று கண்காணிப்பார்கள்’ என்கிறார்கள். பேட்டரியே இல்லாத சில்லு, செயற்கைக்கோளோடு பேசுவது எப்படி? சில அங்குலத்துக்கு அப்பால் நிற்கும் கருவிக்கே அதன் குரல் எட்டாதே! பதிவேட்டிலே இருக்கும் பெயரையும் முகவரியையும் யார் காப்பது, யாருக்குக் காட்டுவது என்று கேட்டால், அது முறையான கேள்வி. நாமும் சேர்ந்து கேட்போம். ஆனால், அந்தக் கேள்வியைக் கேடயமாக்கி எசமானன் ஒளிந்துகொள்ள இடம் கொடோம்.

அடுத்த தரப்பார் பக்திமான்கள். ‘பைரவர் வாகனத்தின் உடலிலே ஊசி ஏற்றுவதா? அபசாரம்!’ என்கிறார்கள். வாகனம் என்று கோயிலுக்குள்ளே கும்பிடு. வெளியே வந்ததும் கையிலே கல்! கும்பிட்ட கை ஒருநாளேனும் அதற்குத் தடுப்பூசி போட்டதுண்டா? புண் பிடித்துப் புழு நெளியக் கிடந்தபோது மருந்து தடவியதுண்டா? கும்பிடு போட்டால் வெறிநோய் போகாது, அன்பர்களே! தெருநாய்க்கும் தடுப்பூசி வேண்டும், கருத்தடை வேண்டும், இரண்டும் முடிந்தது என்று சொல்லச் சில்லும் வேண்டும். எசமானன் இல்லாத நாய்க்கு ஊராட்சியும் மாநகராட்சியுமே பொறுப்பு.

நாயை வெறுக்கச் சொல்லவில்லை நாம். பெரியாரே நாய் வளர்த்தவர்தான். நாயோடு அவர் இருக்கும் படத்தைத் தோழர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். உயிர்களிடத்தே அன்பு காட்டுவது பகுத்தறிவுக்குப் பகையல்ல. பொறுப்பில்லாத அன்புதான் பகை. குட்டியாய் இருக்கும்போது மடியிலே வைத்துக் கொஞ்சி, கிழடானதும் தெருவிலே தள்ளுவதற்கு அன்பு என்றா பெயர்?

ஆகவே தோழர்களே, உங்கள் வட்டத்திலே நாய் வளர்ப்போர் யார் யார் என்று கேளுங்கள். முகாம் நடக்கும் நாளை வீடு வீடாகச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு எழுதிக் கொடுங்கள். முகாம் வராவிட்டால் மாமன்ற உறுப்பினரின் வாசலிலே நின்று ஏன் வரவில்லை என்று கேளுங்கள். மாளிகை வாசலிலே பயமின்றி நின்று, ‘உங்கள் நாய்க்கு எண் உண்டா ஐயா?’ என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வாசலைக் கடந்துதான் நமது பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்!

எண் நாய்க்கு. பதில் சொல்ல வேண்டியவன் மனிதன்.